குளோரின் பூஜ்யமாகும் இடத்தில்தான் கசிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் மழைக்காலம் வந்தால் போதும், 'குழாயில் சாக்கடை வாடை' என்று மக்கள் புகார் செய்வதும், 'மாதிரி எடுத்துப் பார்த்தோம், தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்று பதில் வருவதும் வாடிக்கை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். புழல், செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையங்களை விட்டுப் புறப்படும்போது நன்றாக இருக்கும் நீர், தெருக்குழாய்க்கும் வீட்டு சம்ப்புக்கும் (நிலத்தடித் தொட்டி) நடுவே உள்ள சில அடி தூரத்தில் கெட்டுப்போகிறது.

இங்கே தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. பக்கத்துக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு கசிந்தால், துருப்பிடித்த ஜிஐ பைப்பின் ஓட்டை, தளர்ந்த ஜாயின்ட், மூடாமல் விட்ட பழைய இணைப்பு என்று எது கிடைத்தாலும் அதன் வழியே உள்ளே புகும். மெயின் லைனிலேயே மோட்டார் போட்டு இழுக்கும் வீடுகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. அந்த உறிஞ்சலில் தெரு முழுவதற்கும் அழுக்கு வந்து சேர்கிறது. இரண்டு குழாய்களுக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது விதி. திருவல்லிக்கேணியின் சில சந்துகளில் தெருவே அவ்வளவு அகலம் இல்லை!

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஊரைத் தோண்ட வேண்டியதில்லை. தண்ணீர் விட்ட முதல் பத்து நிமிடத்தில், சம்ப்பில் விழும் முன்பே, வீடு வீடாகக் குளோரோஸ்கோப்பில் (கிருமி கொல்லச் சேர்த்த குளோரின் நீரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நிறத்தால் காட்டும் சிறு கருவி) பார்த்தால் போதும். வரிசையாக லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டிவிட்டு ஒரு வீட்டிலிருந்து பூஜ்யம் என்றால், சாக்கடை அந்த இடத்தில் குளோரினைத் தின்கிறது என்று அர்த்தம். அந்தக் கருவியில் ஆர்த்தோடொலுடின் என்ற சோதனைத் திரவம் விட்டதும் உடனே வரும் மஞ்சளை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். சில நிமிடம் கழித்துப் பார்த்தால், கழிவின் அமோனியாவோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினும் நிறம் காட்டி ஏமாற்றிவிடும். அரை மணி கழித்து, குழாய் நன்றாகக் கழுவப்பட்ட பின் மாதிரி எடுத்தால் எல்லாம் 'சரி' என்றுதான் வரும்.

இன்னொரு சிக்கல் காலக்கணக்கு. ஹெப்படைட்டிஸ் ஏ மஞ்சள் காமாலை, கெட்ட நீரைக் குடித்து 2 முதல் 6 வாரம் கழித்தே தெரியும். நோயாளி வந்த பிறகு எடுக்கும் மாதிரி, அவர் குடித்த நாளின் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது. போன மாதத்து அளவீடு தேதியோடு பதிவாகியிருந்தால்தான் பயன்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. இடமில்லாமல் கழிவுநீர்த் தொட்டியை ஒட்டியே சம்ப் கட்டியிருப்பார்கள். இரவில் உள்வரும் வால்வையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளிநீர் ஊறுகிறது. மூடி, தரையை விட அரை அடியாவது உயரட்டும். பிளீச்சிங் பவுடரை மாதம் ஒருமுறை கைப்பிடியாகக் கொட்டுவதில் பலனில்லை. புதுத் தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு முறையும் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம், வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்தே கிடந்த பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. ஆர்.ஓ. வைத்தவர்களும் பல் துலக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அதே சம்ப் தண்ணீரில்தானே?

குழாய் முடியும் இடத்திலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் 10500. குடிநீர் வாரியம் ஒவ்வொரு தெருவின் கடைசி வீட்டிலும், தண்ணீர் விட்ட முதல் பத்து நிமிடத்தில் எடுத்த அளவை, நேரத்தோடு வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும். பூஜ்யம் வந்த தெருவில் அன்றே வால்வை மூடி, லாரித் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தோண்டட்டும்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பரிசோதனைப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
அயனாவரம், சென்னை.