முதலில் இரட்டைப் பாதை, அப்புறம் சாயும் ரயில்: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ரயில்வே வாரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வளைவில் வேகத்தை அதிகம் குறைக்காமல் உள்பக்கமாகச் சாய்ந்து ஓடும் ரயிலுக்காக 2017-ல் சுவிட்சர்லாந்தோடு ஒப்பந்தம் போட்டீர்கள். 2025-26க்குள் 100 வந்தே பாரத் ரயில்களில் அந்த வசதி வரும் என்று 2022-ல் செய்தி வந்தது. இன்னும் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. சரி, போகட்டும். வளைவு நிறைந்த எங்கள் பக்கத்துப் பாதைகளுக்கு இதுதான் மருந்து என்று சொல்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாகர்கோவில்–திருவனந்தபுரம் 71 கிலோமீட்டர். இரட்டைப் பாதை வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. காலை ரயிலில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு. சின்ன ஸ்டேஷனில் வண்டி லூப்பில், அதாவது பக்கத்துத் தடத்தில், ஒதுங்கும். எதிர் ரயிலுக்காகக் கிராசிங்! துணிப்பையில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்திருக்கும் பெரியவர் வாசலுக்கு வந்து சிக்னலை எட்டிப் பார்ப்பார், உட்காருவார், மறுபடி எழுந்து வருவார். ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம் அவர் கவலை. பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும், எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட முடியுமா ஐயா?

சாய்வதால் பயணிக்குத்தான் வளைவு தெரியாது, தண்டவாளத்துக்குத் தெரியும். வேகம் கூடினால் வெளித் தண்டவாளத்தின் மேல் விழும் விசையும் கூடும். அதைச் சமாளிக்க வளைவில் வெளித் தண்டவாளத்தை இன்னும் உயர்த்தலாமே என்றால், அகலப் பாதையில் அதற்கு 165 மில்லிமீட்டர் உச்சவரம்பு. அதற்குள்ளேயும், மெதுவாக வரும் சரக்கு வண்டி உள் தண்டவாளத்தை அழுத்துமே, அதை நினைத்துத்தான் உயர்த்த வேண்டும். உங்கள் பொறியாளர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் பெண்டோலினோ என்ற சாயும் ரயிலை மணிக்கு 225 கிலோமீட்டருக்குக் கட்டினார்கள். சிக்னல் மேம்பாடு திட்டமிட்டபடி நடக்காததால் அது இன்றும் 200-ல்தான் ஓடுகிறது. சாயும் ரயில் வாங்கியும் அந்த 25 கைக்கு வரவில்லை.

இங்கே கொடியசைக்கப் பந்தல் போடும் வேகத்தில் பாதை போட்டிருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. புது ரயில் வந்தால் படம் எடுக்கலாம். ரயிலைத் தடம் திருப்பும் பாயிண்டைப் புதுசாக மாற்றினால் யார் படம் எடுப்பார்கள்?

மன்னிக்கவும், கேட்க வந்தது இதுதான். முதலில் இரட்டைப் பாதையை முடியுங்கள். சாயும் ரயில் வேண்டுமென்றால், எந்தப் பகுதியில் எத்தனை நிமிடம் மிச்சமாகும், தண்டவாளத்துக்கும் சிக்னலுக்கும் எவ்வளவு செலவாகும் என்ற கணக்கை டெண்டருக்கு முன்பே வெளியிடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் இருந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நாகர்கோவில் சீசன் டிக்கெட் பயணி ஒருவர்