அப்பா இப்போது என்னைச் சார்ந்தவர்

பாங்காக்
14 ஜூன் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

பொங்கல் கழிந்த வாரம் எனக்கும் அப்பாவுக்கும் அரசாங்கக் கணக்கில் கல்யாணம் ஆனது. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பாய், விசாவுக்கு என்று சொல்ல வேண்டியிருக்கும், அப்போதே சண்டை ஆரம்பித்திருக்கும்.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை எங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் 2026 ஜூன் 15 வரை தாய்லாந்தில் இருக்கலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அப்பா படம் எடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. போனில் பேசினால் நீயும் நானும் ஐந்தாவது நிமிடத்தில் குரலை உயர்த்திவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

முதலில் உன் கேள்வி. "அங்க போறதுக்கு மெல்போர்னுக்கே வந்திருக்கலாமே?" வந்து ஆறு மாதம் இருக்கலாம், போகலாம், மறுபடி வரலாம். நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் பெற்றோர் விசா. பணம் கட்டாத வரிசையில் நின்றால் ஏறக்குறைய 30 ஆண்டு. எனக்கு இப்போது 62. கணக்கு டீச்சராக இருந்த என்னிடம் இதைக் கூட்டிக் காட்ட வேண்டாம். பணம் கட்டும் வரிசை கொஞ்சம் சீக்கிரம் நகரும், ஆனால் அதற்கு ஆகும் தொகையை நீயும் மாப்பிள்ளையும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். அது எனக்கு வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கல்யாணக் கதைக்கு வருகிறேன். தாய்லாந்தில் 50 வயது தாண்டியவர் ஓய்வுக் காலத்தைக் கழிக்கத் தங்கலாம். ஒருவர் பெயரில் இந்த ஊர்ப் பணம் 8 லட்சம் பாட் இங்குள்ள வங்கியில் இருந்தால் போதும், கணவனோ மனைவியோ அவரைச் சார்ந்தவராகக் கூட இருக்கலாம். ஆனால் திருமணச் சான்றிதழ் வேண்டும். எங்களுக்கு 1989இல் வயலூர் கோயிலில் கல்யாணம். தமிழ்நாட்டில் பதிவைக் கட்டாயமாக்கியது 2009இல்தான். அதற்கு முன் யார் பதிந்தார்கள்? ரேஷன் கார்டில் கணவர், பணிப்பதிவேட்டில் கணவர், பாஸ்போர்ட்டில்கூடக் கணவர். ஆனால் தனியாகச் சான்றிதழ் கொண்டுவா என்றால் கையில் ஒன்றுமில்லை.

பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அப்பா பாங்காக்கிலிருந்து எழுதிய கடிதங்களுக்கு அடியில் கல்யாணப் பத்திரிகை ஒன்றே ஒன்று கிடைத்தது. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பாகிப் போயிருந்தது. என் பெயரைவிட பி.எஸ்சி., பி.எட். பெரிய எழுத்தில் இருக்கிறது, உன் தாத்தாவின் வேலை. அப்பாவின் பெயர் அதில் 'சுந்தரம்', ஆதாரில் 'சண்முகசுந்தரம்'. ரிஜிஸ்டர் ஆபீசில் இருந்த பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னான். வாங்கிக்கொண்டு போனால், "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்னம்மா அவசரம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அப்பா சொன்னார்: "ஊரை விட்டு ஓடப் போறோம் தம்பி." சாட்சிக்கு வந்த தமிழய்யா சிரித்த சிரிப்பில் சார்பதிவாளரே எட்டிப் பார்த்தார்.

சான்றிதழ் வந்ததும் அதோடு முடியவில்லை. மாநில அரசின் முத்திரை, டில்லி வெளியுறவுத் துறையின் முத்திரை, சென்னையில் தாய்லாந்து தூதரகத்தின் முத்திரை, இங்கே வந்தபின் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்ப்பு, அதற்கு இவர்கள் வெளியுறவுத் துறையின் முத்திரை. பின்பக்கம் இப்போது இடமே இல்லை. தாய் எழுத்தில் எங்கள் கல்யாணம் கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கிறது.

அப்புறம் படிவம். முதன்மை விண்ணப்பதாரர் நான். அப்பா, சார்ந்தவர். பென்ஷனும் பணிக்கொடையும் எனக்குத்தானே வந்தது, அவருக்கு ஏது? கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி அவரைக் காட்டி என்னிடம், "ஹஸ்பண்ட் ஃபாலோ வைஃப்?" என்று கேட்டார். "யெஸ்" என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், 1993இல் இதே படிவம் திருப்பிப் போட்டபடி நம் வீட்டுக்கு வந்தது. உனக்கு இரண்டு வயது. அப்பா இங்கே பாங்காக்கில் சீலோம் சாலைப் பக்கத்தில் ஒரு ரத்தினக் கல் கம்பெனியில் பட்டை தீட்டுகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்தார். முதலாளி குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார், நீயும் பாப்பாவும் வந்துவிடுங்கள் என்று அப்பா எழுதினார். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போட ஒன்றரை மாதம் ஆனது. முடியாது என்று போட்டேன்.

உனக்காகத்தான், உன் படிப்புக்காகத்தான் நான் திருச்சியில் இருந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாட்டி அப்படித்தான் ஊரெல்லாம் சொன்னாள், நானும் மறுக்கவில்லை. உண்மை அதுவல்ல. எனக்கு அரசாங்க வேலை கிடைத்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதை விட்டுவிட்டு இன்னொருவர் விசாவில் ஒட்டிக்கொண்டு, மொழி தெரியாத ஊரில், சமைத்துப் போட்டுக்கொண்டு இருக்க எனக்கு மனசில்லை. அவ்வளவுதான். உன்னைக் காரணம் காட்டியது வசதியாக இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் கேட்கிறேன். வேலைக்குப் போனதற்காக இல்லை.

அதன்பின் 1997 ஜூலை. பாட் விழுந்தது. ஒரு டாலருக்கு 25 பாட் என்று இருந்தது, அடுத்த ஜனவரியில் 50ஐயும் தாண்டிவிட்டது. அப்பாவின் கம்பெனி சம்பளத்தை நிறுத்தி, பிறகு கதவையும் சாத்தியது. ஒரே சூட்கேஸோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ அவரைப் பார்த்துவிட்டு என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

அதனால்தான் இந்த 8 லட்சம் பாட்டை வங்கியில் போட அப்பா அவ்வளவு பயந்தார். நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். "இவனுங்க காசை நம்பாதே, ஒரே ராத்திரியில கரைஞ்சிடும்" என்று மூன்று மாதம் ஓதிக்கொண்டே இருந்தார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். வட்டியும் நம்மூர் மாதிரி இல்லை, இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இதை நான் முதலீடாகப் பார்க்கவில்லை, வாடகை அட்வான்ஸ் மாதிரிதான்.

அனுப்பிய கதையைக் கேள், உன் அம்மா கெட்டிக்காரி என்று ஒத்துக்கொள்வாய். ஒரு நிதியாண்டில் ஒரு வரம்புக்கு மேல் (மார்ச் வரை 7 லட்சம், இந்த ஏப்ரலிலிருந்து 10 லட்சம்) வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேலே போகும் தொகைக்கு 20 சதவீதம் வரியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். ஆகவே பாதியை மார்ச் 28, மீதியை ஏப்ரல் 3. அந்தந்த ஆண்டின் வரம்புக்கு மேல் போனதற்கு மட்டும்தான் பிடித்தார்கள்.

இதில் ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். நாங்கள் வந்தது மார்ச் 18, கையில் 90 நாள் விசா, ஜூன் 15இல் முடிகிறது. முழுத் தொகையும் விண்ணப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே கணக்கில் இருந்தாக வேண்டும். கணக்குத் திறந்தால்தானே பணம் அனுப்ப முடியும்? முதல் வங்கியில் வேலை அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் நாங்கள் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. அப்பா பேசிய தாய்லாந்து மொழி 27 வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. கல்லின் எடை, விலை, காரம் வேண்டாம், இது மூன்றும்தான் சரளமாக வருகிறது. மூன்றாவது கிளையில் ஒரு புண்ணியவதி, குடிநுழைவுத் துறையில் முகவரிச் சான்று வாங்கி வந்தால் திறந்து தருகிறேன் என்றாள். வாங்கினோம். கடைசித் தவணை ஏப்ரல் 8இல் வந்து விழுந்தது. காலண்டரில் எண்ணினேன்: ஜூன் 8இல் இரண்டு மாதம், அதற்குப் பின் ஏழே நாள். அந்த ஏப்ரல் முழுக்க நான் தூங்கவில்லை.

ஜூன் 10ஆம் தேதி விடியற்காலையிலேயே குடிநுழைவுத் துறை அலுவலகம் இருக்கும் செங் வத்தனாவுக்குப் போய்விட்டோம். நம் கலெக்டர் ஆபீஸை இருபது மடங்கு ஊதிப் பெருக்கியது போல ஒரு வளாகம், உள்ளே ஏசி. வங்கிக் கடிதம், அன்று காலைவரை பதிவு போட்ட பாஸ்புக், நாங்கள் தங்கியிருப்பதைத் தெரிவித்ததற்கு வீட்டுக்காரம்மா கொடுத்த டிஎம்30 சீட்டு, அப்புறம் வீட்டுக்கு வரும் வழியைக் கையால் வரைந்த படம். ஆமாம், படம். ஸ்கைட்ரெயின் ஸ்டேஷனிலிருந்து நம் சந்து வரை அப்பா அளவுகோல் வைத்து வரைந்து, பழச்சாறு வண்டியையும் போட்டிருந்தார். அவர் இந்த ஊரை விட்டுக் கிளம்பியபோது அந்த ரயிலுக்குத் தூண்கள்தான் நின்றனவாம், ஓட ஆரம்பித்தது 1999 டிசம்பரில். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, "இங்கதான்… இல்ல, அங்க" என்று தேடுகிறார்.

டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். திடீரென்று, "கோ… வின்… சா…மி" என்று ஒரு குரல். பாஸ்போர்ட்டில் மேல் வரியைப் படித்திருக்கிறார்கள். எனக்கு இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டது உன் தாத்தாவின் பெயர் அல்லவா. தாத்தா இறந்து 19 வருடம். திருச்சி ஜங்ஷன் தாண்டி ரயில் ஏறத் தயங்கிய மனுஷன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தவள், புரிந்ததும் எழுந்து ஓடினேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

ஆளுக்கு 1,900 பாட் கட்டணம். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

இனி நீ தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை. ஓய்வு விசா என்று பேர்தானே தவிர இது ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு. நிரந்தரம் கிடையாது, நாளைக்கு விதியை மாற்றினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்த மூன்று மாதம் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது, பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன் மறுபடி 8 லட்சம் நிரம்பியிருக்க வேண்டும். 90 நாளுக்கு ஒரு முறை இன்ன முகவரியில் இருக்கிறோம் என்று தெரிவிக்க வேண்டும். பென்ஷனுக்காக ஆண்டுக்கொரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று திருச்சிக்கும் தெரிவிக்க வேண்டும். வாழ்நாளில் இவ்வளவு பேர் என்னை விசாரித்ததில்லை.

கணக்கு என் பெயரில் மட்டும்தான், சேர்ந்த கணக்கு என்றால் பாதியைத்தான் என் பணமாக எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு ஏதாவது ஆனால் பணம் வங்கியிலேயே நிற்கும், கோர்ட் வழியாகத்தான் எடுக்க முடியும். அதற்காக இங்கே ஒரு வக்கீலிடம் உயில் எழுதுகிறோம். நகல் உனக்கு வரும், படித்துவிட்டு அழாமல் பத்திரமாக வை. திருச்சி வீடு விற்கவில்லை, விற்க மாட்டோம். இங்கே வெளிநாட்டுக்காரர் நிலம் வாங்கவே முடியாது, ஆகவே அப்பா ஆசைப்பட்டாலும் பயமில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இங்கே காப்பீடு சரியாக அமையவில்லை. பெரிய வைத்தியம் என்றால் ஊருக்கு வந்துவிடுவோம், சென்னைக்கு மூன்றரை மணி நேரம்தான்.

வேலை செய்யத் தடை. பக்கத்துக் குடித்தன மலையாளிப் பெண் தன் பையனுக்குக் கணக்கு சொல்லித் தர முடியுமா என்று கேட்டாள், கை துறுதுறுத்தது, மாட்டேன் என்றுவிட்டேன்.

நீட்டிப்பு வாங்கிய கையோடு இன்னொரு கவுண்டரில் ஆளுக்கு 3,800 பாட் கட்டினோம். இந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே போய் வரலாம். அது இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் நீட்டிப்பே செத்துவிடும். ஒரு முறை மட்டும் போக 1,000 பாட்தான். அப்பா அது போதும் என்றார். நீ எந்த ராத்திரி கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டுமே என்று நான்தான் பெரியதை வாங்கினேன்.

அந்த இன்னொரு காரணம். ஆறு வருடம் இந்த மனுஷர் வெள்ளிக்கிழமை தவறாமல் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், அதன் பக்கத்துச் சந்தில் சாப்பிட்டு, அறைக்கு வந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எல்லாக் கடிதத்திலும் ஏதாவது ஒரு தெரு, ஒரு கடை, ஒரு மழை. நான் ஒன்றையும் பார்த்ததில்லை. நேற்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். தாய்க்காரர்கள்தான் அதிகம், தாமரையும் சாமந்தியும் வைத்துக்கொண்டு மண்டி போடுகிறார்கள். வெளியே வந்ததும் அந்தச் சந்துக்கு அழைத்துப் போனார். சாப்பாட்டுக் கடை இருந்த இடத்தில் இப்போது கால் அமுக்கிவிடும் கடை. வாசலில் நின்று, "இங்கதான் உட்காருவேன்" என்று கண்ணாடிக்கு உள்ளே கையைக் காட்டினார். உள்ளே ஒரு வெள்ளைக்காரர் காலை நீட்டிப் படுத்திருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நாங்களும் அசைத்தோம்.

நவராத்திரிக்கு வா. விஜயதசமி இரவு சீலோம் சாலையையே அடைத்துவிட்டு அம்மன் ஊர்வலம் விடுவார்களாம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டுமாவது. வருவதென்றால் உன் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை முன்கூட்டியே வாட்ஸப்பில் அனுப்பு. யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரம்மா தெரிவிக்க வேண்டும், அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். புளி இங்கே கிடைக்கிறது, கொண்டுவர வேண்டாம். சாம்பார்ப் பொடி மட்டும் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

அப்பா கேட்கச் சொன்னார்: அவர் வரைந்த படம் அனுப்பினாரே, அதைப் பார்த்தாயா?