பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: 17/3 எப்படி வந்தது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கணிதத் தேர்வின் விடைத்தாள்கள் இன்று பிள்ளைகளோடு வீட்டுக்கு வருகின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆயத்தொலை வடிவியல் கணக்கு ஒன்றை மட்டும் பாருங்கள். (−1, 9), (2, அ), (4, −1) ஆகிய மூன்று புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால் அ-வின் மதிப்பு என்ன?

முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிக்கு 5 அலகு வலப்பக்கம் போவதற்குள் கோடு 10 அலகு இறங்குகிறது. அலகுக்கு 2, சாய்வு −2 என்பது இதைத்தான். இடையிலுள்ள புள்ளிக்கு 3 அலகு நகர்ந்தால் 6 இறங்க வேண்டும். 9-இல் 6 போக 3. அவ்வளவுதான்.

பலர் 17/3 என்று எழுதியிருக்கிறார்கள். சாய்வு தெரியாமல் அல்ல. 4-இலிருந்து −1-ஐக் கழிக்கும்போது அடைப்புக்குறி போடாமல் 3 என்று எழுதிவிட்டார்கள், 5 வந்திருக்க வேண்டும். அடுத்த வரியில் 2-இலிருந்து −1-ஐக் கழிக்கும்போதும் அதே தவறு. அதன்பின் வரிகள் எல்லாம் ஒழுங்காகவே போகின்றன, அதனால் சந்தேகமே வரவில்லை. வரைபடத்தாளில் மூன்று புள்ளிகளைக் குறித்து அளவுகோலை வைத்திருந்தால் இடையிலுள்ள புள்ளி கோட்டைவிட்டு மேலே நிற்பது கண்ணிலேயே தெரிந்திருக்கும்.

இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. (0, 0), (2, அ), (அ, 8) ஒரே கோட்டில் அமைய வேண்டும். அ-வின் வர்க்கம் 16 என்று வருகிறது. பெரும்பாலோர் 4 என்று நிறுத்திக்கொண்டார்கள். நீளங்களைக் கண்டுபிடித்துப் பழகிய கை, குறை எண்ணைத் தானாகவே அடித்துவிடுகிறது. ஆனால் இங்கே −4-உம் சரி: (2, −4), (−4, 8) இரண்டும் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் வேறொரு கோட்டில் இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர்களுக்கே முழு மதிப்பெண்.

செங்குத்துக் கோடு வந்தால் சாய்வு உதவாது, பூச்சியத்தால் வகுக்க நேரும். அப்போது மூன்று புள்ளிகளையும் இணைக்கும் முக்கோணத்தின் பரப்பு பூச்சியம் என்று வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

உங்களுக்குக் கணிதம் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. "கண்டுபிடித்த புள்ளியைக் குறித்துக் காட்டு" என்று மட்டும் கேளுங்கள். அளவுகோல் பதில் சொல்லிவிடும். தவறான கணக்கைப் பிள்ளையே திருத்தி, படத்துடன், கையெழுத்திட்ட விடைத்தாளோடு திங்கட்கிழமை கொண்டுவரட்டும். தயவுசெய்து நீங்கள் போட்டுக்கொடுக்க வேண்டாம். கையெழுத்து எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்