ஆசிட் பாட்டிலும் சிவப்புத் துணியும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள வசந்தி,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்புதான். அதற்காகப் போனில் "ம்" என்று ஒரே எழுத்தில் பேசினால் எப்படி? அந்த "ம்"மை எட்டாம் வகுப்பிலிருந்து கேட்டு வருகிறேன், இதற்கெல்லாம் மசிய மாட்டேன். மோரும் சோப்புத்தூளும் விவகாரத்தை இன்றுவரை உன் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருக்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்.

பெரியவன் வேலை மாறி ஒரகடம் போய்வருகிறான். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சென்ட்ரலில் இறங்கினால் ஒரே மெட்ரோவில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்துவிடலாம். தூரம் என்ற சாக்கு இனி செல்லாது.

உங்கள் மகளிர் குழுவில் பாத்ரூம் கிளீனரும் பாத்திரம் கழுவுவதும் செய்து விற்கப் போகிறோம், செய்முறை எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் அது நடந்தது. யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

எங்கள் போர் தண்ணீர் உனக்குத் தெரியும். பக்கெட்டில் ஒரு வாரம் நின்றால் வெள்ளைக் கோடு விழும். பாத்ரூம் மூலையில் பாசி வேறு. காலையில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவி ஊற விட்டேன். பாசி போனது, உப்புக் கறை போகவில்லை. தெருவில் சைக்கிளில் விற்பவரிடம் வாங்கிய ஆசிட், பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் இருந்தது. கழுவிவிட்டு ஊற்றலாம் என்று தோன்றவே இல்லை. இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பாக வேலை செய்யும் என்ற நினைப்பில் அப்படியே ஊற்றிக் குனிந்து தேய்த்தேன்.

சுர்ரென்று ஒரு சத்தம். பிறகு மூக்கிலும் தொண்டையிலும் மிளகாயை அரைத்து அடைத்த மாதிரி. கண்ணைத் திறக்க முடியவில்லை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றே கை மறந்துபோனது. வெளியே அத்தை, "எண்ணூர்ல மறுபடியும் கேஸ் வுட்டுட்டாங்கோ, எல்லாரும் வெளிய வாங்கோ!" என்று கத்துகிறார். 2023 டிசம்பரில், சுனாமி நினைவு நாள் ராத்திரி, அமோனியா கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அத்தையின் தங்கை குடும்பமும் அதில் ஒன்று. அன்றிலிருந்து எந்த நெடி வந்தாலும் அத்தைக்கு எண்ணூர்தான். இந்தத் தடவை அது எங்கள் பாத்ரூமிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி தள்ளித் திறந்து என்னை வாசலுக்கு இழுத்துவந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ப்ளீச்சிங் மேல ஆசிட் ஊத்தினீங்களா?" என்பதுதான். மூச்சுக்கு மருந்து வைத்து, ராத்திரி வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துக்கூட வருமாம். எனக்கு வரவில்லை. இருமல் மட்டும் பத்து நாள் இருந்தது.

சின்னவன் கெமிஸ்ட்ரி படிக்கிறானே, அவன்தான் உட்கார்ந்து விளக்கினான். ப்ளீச்சிங் பவுடருக்குள் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. ஆசிட் பட்டதும் அவிழ்ந்து வாயுவாகிவிடும். 1915இல், முதல் உலகப் போரில், சிப்பாய்களைக் கொல்லத் திறந்துவிட்ட வாயு அதுதான். காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். வசந்தி, தரையில் உட்கார்ந்து தேய்க்கிறவள் முகம் எங்கே இருக்கும்? ஆசிட் என்றில்லை, வினிகரும் எலுமிச்சையும்கூட ப்ளீச்சிங்கோடு சேரக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் சேரக் கூடாது, அது வேறொரு நஞ்சு.

என்னை இன்னும் உறுத்துவது வேறு. மாடி வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கு வருஷக்கணக்காக இருமல். பீடிப் புகை, கடல் காற்று என்று நாங்களே ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறோம். நான் தேறி வந்த பிறகு அவரிடம் கேட்டேன். ஐந்து வீடு, ஐந்து வீட்டிலும் வேறு வேறு பாட்டில், எதிலும் பெயர் கிடையாது. "மோந்து பாத்துதான் ஊத்துவேன்மா. சிலது கொமட்டும், சிலது எரியும். எரியறதுதான் நல்லா வெளுக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிந்தால்தான் வெளுக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நம்மைப் போன்ற வீடுகள்தானே?

ஆகவே உன் குழுவுக்கு முதல் பேச்சு இது. ஆசிட் பக்கமே போகாதீர்கள். எதைச் செய்தாலும் குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்காதீர்கள், குழந்தை எடுத்துக் குடித்துவிடும். பாட்டில் மேல் பெயரும், எதோடு கலக்கக் கூடாது என்பதும் பெரிதாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர் கைக்கும் அது போகும், அதனால் படமும் போடுங்கள். நான் இங்கே ப்ளீச்சிங் டப்பாவின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அக்காவுக்கு ஒரு சொல்தான் சொன்னேன்: சிவப்பு தனியாள், அதோடு தண்ணீர் தவிர எதுவும் சேராது. தான் வேலை செய்யும் ஐந்து வீட்டுக்கும் அவரே துணி கேட்டு வாங்கிப் போனார்.

இனி செய்முறை. இதில் எனக்குள்ள ஆசை இன்னும் குறையவில்லை. பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கிய இருபது தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டு. நுரை குறைவாகத்தான் வரும், எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளிக்கும். அதனால் குழுவில் திரவமாக விற்காதே, காயவைத்து அரைத்துத் தூளாக விற்றுப் பார்.

அடுப்பு மேடைக்கு ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசிக் கால் மணி நேரம் விடு. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம், கறுத்துவிடும். உப்புக் கறைக்கு வினிகரோ, நாட்டு மருந்துக் கடை எலுமிச்சை உப்போ போதும். கறை சுண்ணாம்பு, புளிப்பு அதைக் கரைக்கும். உங்கள் வீட்டு மொசைக் தரையில் ஊற்றிவிடாதே. அதில் இருப்பதும் சலவைக்கல், தரையையே அரித்துவிடும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்கவைத்துக் காட்டுகிறார்களே, ஆபத்தில்லை, ஆனால் பொங்கி அடங்கியதும் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தனித்தனியாக வைத்தால் இரண்டுமே வேலை செய்யும்.

காசிமேட்டிலிருந்து மீன் வந்த நாளில் கத்தி, பலகை, கை எல்லாவற்றுக்கும் புளித் தண்ணீர்தான். மீன் வாடைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு கட்டிப்போட்டுவிடுகிறது. குழம்புக்குப் புளி கரைத்து ஊற்றுவதிலும் அந்தக் கணக்கு இருக்கிறது என்று சின்னவன் சொன்னபோது அத்தை, "இத்த கண்டுபுடிக்க காலேஜுக்கு வேற போவணுமா" என்றார்.

வண்ணாரப்பேட்டை ஆயாவை நினைத்துக்கொண்டேன். உவர்மண்ணில் துணியை முக்கி வெள்ளாவி வைப்பார்களே, நாம் ஆவி பார்க்கப் போய்த் திட்டு வாங்குவோமே. உவர்மண்ணில் இருப்பதும் கடையில் விற்கும் சலவைச் சோடாவும் ஒரே சரக்குதான். துறைமுகத்து நிலக்கரித் தூசி படிந்த நம் வெள்ளைத் தாவணிகளை ஆயா அதில்தான் மீட்டுக் கொடுத்தார். கைதான் வெந்துபோயிருக்கும். சோடா எடுக்கும்போது உன் பெண்களுக்குக் கையுறை வாங்கிக் கொடு.

ஒன்று மட்டும். வெள்ளம் வீட்டுக்குள் வந்தாலோ, யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றாலோ வினிகரையும் சோடாவையும் நம்பாதே. அதற்கு ப்ளீச்சிங்தான். சோப்பு போட்டுக் கழுவி அலசிய பிறகு, அன்றன்றைக்குக் கரைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்து.

லேபிளில் என்ன எழுதப் போகிறாய் என்று அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. அக்காவிடம் காட்டி, படம் புரிகிறதா என்று கேட்டுச் சொல்கிறேன். ஜவ்வாது மலைப் புளி வந்திருந்தால் இரண்டு கிலோ எடுத்து வை, பணம் அனுப்புகிறேன். பணம் வேண்டாம் என்று "ம்" போடாதே.

உன்,
தேவி