போனை வாங்கிக்கொண்ட தம்பிக்கும் நம் சபையார் எல்லாருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு,

நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம், இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறார். எனக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை, அதனால் இது கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொடுத்த வாலிபர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்தவர்கள், ராத்திரி மாறி மாறித் துணைக்கு இருந்த பெண்கள் ஐக்கியத்து அக்காமார், பணத்தை என் கையில் கொடுத்து என்னைக் கூச வைக்காமல் நேரே கவுண்டரில் போய்க் கட்டியவர்கள், எந்நேரம் கூப்பிட்டாலும் எடுத்த பாஸ்டர் ஐயா, எல்லாருக்கும் நன்றி. பேர் பேராக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் ஒருவனைப் பற்றி மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆராதனையில் மைக் பார்க்கிற தம்பி. சாட்சி சொல்ல வா என்றால் தூணுக்குப் பின்னால் போய்விடுகிற பையன். பேர் போடக் கூடாது என்று இப்போதும் கெஞ்சுகிறான், போடவில்லை.

ஆரம்பத்தில் என் போன் ஓயவே இல்லை. கூப்பிட்ட எல்லாரும் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் "என்ன ஆச்சு, இப்ப எப்படி இருக்கார்" என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லும்போது எனக்கு அது மறுபடியும் நடந்தது. எடுக்காமல் விட்டாலோ, என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து இன்னும் நாலு பேர் கூப்பிடுவார்கள். அப்போதுதான் அவன் வந்து நின்றான். "அக்கா, போனை என்கிட்ட குடுங்க. டாக்டர் பேசினா மட்டும் உங்ககிட்ட தர்றேன்."

அவ்வளவுதான். இப்படி ஒரு உதவி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, பிறகு எப்படிக் கேட்பேன்?

காலையில் டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் என்ன சொல்லலாம் என்று என்னிடம் கேட்டுக்கொள்வான். நாள் முழுக்க எல்லாருக்கும் அதையே சொல்வான், கூட ஒரு வார்த்தை கிடையாது. போனிலேயே ஜெபிக்கிறேன் என்றவர்களுக்கெல்லாம் கண்ணை மூடிக் கேட்டு ஆமென் சொன்னான். ஒரு பெரியவர் ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தலில் முடித்தார் போல, அதற்கும் அசையவில்லை. கூப்பிட்டவர் பெயரையும் அவர் சொன்னதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். நேற்று ராத்திரி அதைப் படித்துத்தான் இத்தனை பேர் எங்களை நினைத்தார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது.

அதில் ஒரு குறிப்பு பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: "பெயர் சொல்ல வேண்டாம் என்றார்." நம்பரைப் பார்த்தேன். கமிட்டி விஷயத்தில் எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்தியவர். அண்ணா, வீட்டுக்கு வாங்க. என் வீட்டுக்காரரும் உங்களைக் கேட்டார்.

சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28-ஐ அந்த வாசலில் எத்தனையோ பேர் எனக்குச் சொன்னார்கள். வசனம் மெய்தான், நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐசியூ கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அதைக் கேட்டுத் தலையாட்டுவதே ஒரு வேலை. எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம்.

அப்போஸ்தலர் 6-ம் அதிகாரமும் ஞாபகம் வந்தது. ஆதி சபையில் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் சாப்பாடு பங்கிடுவதில், விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது, பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்கள் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டுமாம். சாப்பாடு பங்கிடுகிற வேலைக்கு இவ்வளவு தகுதி எதற்கு என்று நான் சின்ன வயதிலிருந்து யோசித்திருக்கிறேன். படிக்கட்டு ஓரமாக என் போனோடு அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது புரிந்தது.

அப்புறம் ஒன்று. நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லி பாஸ்டர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். இவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் வருவேன். வந்ததும் ஜெபிக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் போனைக் கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.