தோட்டத்து விளக்கும் ஐப்பசி மழையும்

தாம்பரம்
புரட்டாசி 25

டேய் சேகரு,

இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சி முட்டி வலி எப்படி இருக்கு? மொட்டை வீட்டுக் கல்யாணத்துக்கு அப்புறம் வாயே திறக்காதவன் இப்போ எதுக்கு எழுதுறான்னு கேட்பே. போன்ல சொன்னா "சரிடா சரிடா"ன்னு வெச்சிடுவே, அதான்.

என் தோட்டத்து விளக்கைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே எலக்ட்ரீசியனை மதுராந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போனியே, விஷயம் அதைப் பத்திதான்.

போன வாரம் ராத்திரி மழையில, கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச் இருக்கே, ஆர்சிசிபி, அது விழுந்து வீடே இருட்டு. தூக்கிவிட்டா மறுபடி விழுது. காலையில அந்த ஆள் வந்து சொல்றார்: "மழைக்காலத்துல இது ஒரே தொல்லை சார். கழட்டிட்டு நேரா குடுத்துடறேன்." கரண்ட் 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே வெட்டிவிடுற சாமானைக் கழட்டணுமாம்! டீ குடுத்து அனுப்பிட்டேன்.

வேற ஒருத்தர் வந்து ஒவ்வொரு விளக்கா பிரிச்சுவிட்டு ஒயர்ல கசிவு இருக்கான்னு சோதிக்கிற மெக்கர் மீட்டரை வெச்சுப் பார்த்தார். மாமரத்தடியில, மண்ணுக்குள்ள ஒரு ஜாயிண்ட். வெறும் டேப் சுத்திப் புதைச்சிருக்கு. டேப் உரிஞ்சு, செம்பு பச்சை பூத்துக் கிடக்கு. அந்தப் புல்லுலதான்டா பேத்தி வெறுங்காலோட ஓடுவா. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல.

இப்போ ஜாயிண்ட் எல்லாம் தரைக்கு மேல, பெட்டிக்குள்ள. ஒயர் கீழ்ப்பக்கமாத்தான் உள்ளே நுழையுது. விளக்குகளைத் திறந்தா ரப்பர் கேஸ்கட் எல்லாம் வெயில்ல விறைச்சு வெடிச்சிருக்கு. ஒண்ணுக்குள்ள பல்லிக் குடும்பமே இருந்துச்சு, உன் ஹாஸ்டல் ரூம் மாதிரி. அட்டையில ஐபி65னு, தூசி தண்ணி உள்ளே போகாதுங்கிற குறி போட்டிருக்கான். கேஸ்கட் போனப்புறம் அது வெறும் எழுத்து. அதுவும் மேலே அடிக்கிற தண்ணிக்குத்தான், முங்கினா தாங்காது. உன் வாசல்ல தண்ணி நிக்குமே, தரையில பதிச்ச விளக்குக்கு ஐபி67ஆவது வேணும்.

என் பயமெல்லாம், அந்த ஆள் உன் வீட்டுல சத்தமில்லாம ஆர்சிசிபியைக் கழட்டிட்டுப் போயிருப்பாரோன்னுதான். டெஸ்ட் பட்டன் வெச்ச அகல சுவிட்ச் இருக்கான்னு பாரு. அமுக்கு, விழலைன்னா அன்னைக்கே மாத்து. விழுந்துட்டா எர்த்தும் சரியா இருக்குன்னு நினைச்சுடாதே, அதைத் தனியா சோதிக்கணும். ஜாயிண்டைத் தோண்டிப் பார்க்கிற வரைக்கும் தோட்டத்து லைனை ஆஃப் பண்ணியே வை. அடைமழை பிடிச்சுட்டா எவனும் வேலைக்கு வரமாட்டான்.

பார்த்துட்டு போட்டோ அனுப்பு. அனுப்பலைன்னா ராமேஸ்வரம் சங்கதி தங்கச்சி காதுக்குப் போகும்.

உன்
குண்டு