பூங்கா திறப்பு விழாவுக்கு முன் ஒரு கணக்கெடுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் உருவாகிவரும் இந்த நேரத்தில், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நம் பிள்ளைகள் எங்கே ஓடி விளையாடுவார்கள், முதியவர்கள் எங்கே நடப்பார்கள் என்ற கேள்வி தாங்கள் வெளியிடும் செய்திகளில் இன்னும் அதிகமாக இடம்பெற வேண்டும் என்ற ஆவலால் இக்கடிதத்தை எழுதுகிறேன். பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஒரு திடலைப் பார்த்தால் அதில் எந்த விளையாட்டுக்குக் கோடு போடலாம் என்று கண்ணால் அளக்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சென்ற ஆண்டு, மழைக்காலம் தொடங்குவதற்கு முன், ஒரு சிறு பூங்காவுக்குத் தொடர்ந்து இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் சென்றுவந்தேன். அந்தப் பூங்கா எங்கே இருக்கிறது என்பது முக்கியமன்று. அதைப் போன்றவை எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. காலை, நண்பகல், மாலை, விளக்கு எரியும் நேரம் என நான்கு வேளையும் யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எதைத் தொடாமல் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். விடியற்காலையில் எட்டுப் போடும் கூழாங்கல் பாதையில் முதியவர்கள் வரிசை கட்டி நடக்கிறார்கள். பாதை குறுகலாக இருப்பதால் முழங்கால் வலியுள்ளவர் மெதுவாக நடந்தால் பின்னால் வருபவர்கள் புல்லில் இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு வாயில் பூட்டப்படுகிறது. நண்பகலில், பூட்டிய வாயிலுக்கு வெளியே, உள்ளிருந்து நீண்டுவந்த தூங்குமூஞ்சி மரக்கிளையின் நிழலில், உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் இரு சக்கர வண்டியின் மீதே சாய்ந்து இளைப்பாறுகிறார்கள். மரம் உள்ளே இருக்கிறது, நிழல் வெளியே விழுகிறது, அந்த நிழலைத் தேடி வந்தவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை இல்லை.

மாலையில் பிள்ளைகள் வருகிறார்கள். சறுக்குமரம் தகரத்தால் ஆனது; அதுவும் மேற்குப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து மணிக்கும் அதன் சூடு தணிவதில்லை. ஒரு சிறுமி பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் புட்டியில் மிச்சமிருந்ததைச் சறுக்கலில் ஊற்றி, கையால் தடவிப் பார்த்து, சூடு குறைந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே தன் தம்பியை ஏற்றிவிட்டாள். அதை வாங்கியவர், நிறுவியவர், பணி நிறைவுச் சான்று தந்தவர் எவரும் மாலை ஐந்து மணிக்கு அங்கே வந்து அதைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. நடுவிலிருந்த செயற்கை நீரூற்று வறண்டு கிடந்தது. பேவர் பிளாக் கற்களோ மரங்களின் அடிவரை நெருக்கிப் பதிக்கப்பட்டிருந்ததால், பெய்யும் மழை வேருக்குப் போகாமல் வாயிலை நோக்கி ஓடும் நிலை.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அந்த இரண்டு வாரத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளைப் பார்த்தேன், திருமணமான பெண்களையும் பாட்டிமார்களையும் பார்த்தேன்; பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் உள்ள பெண்கள் விளையாடுவதை ஒரு நாளும் பார்க்கவில்லை. பள்ளியில் எறிபந்தும் வளையப்பந்தும் கோ-கோவும் ஆடி மாவட்டப் போட்டி வரை போகும் பெண்கள் வீடு திரும்பியதும் காணாமல் போய்விடுகிறார்கள். அந்தப் பூங்காவில் ஊஞ்சல் உண்டு, அது சிறுவர்களுக்கு. உடற்பயிற்சிக் கருவிகள் உண்டு, அவை பெரியவர்களுக்கு. மூலையில் கொஞ்சம் வெற்றுத்தரை உண்டு, அதை மட்டையோடு வரும் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அங்கே ஓர் இடமும் யாரும் நினைத்து வைக்கவில்லை. கழிப்பறை பூட்டிக் கிடப்பதும், பின்மூலையில் விளக்கு எரியாததும் அவளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புகின்றன.

பூங்காத் திட்டமிடல் என்பது படம் வரைவதில் தொடங்கக் கூடாது, எண்ணுவதில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சென்னையில் பெரிய பூங்காக்களுக்குக் குறைவில்லை. கதீட்ரல் சாலையில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011-ல் வந்தது. 2024 அக்டோபரில் செம்மொழிப் பூங்காவுக்கு எதிரே ஏறத்தாழ 6 ஏக்கரில், சுமார் 46 கோடி ரூபாய்ச் செலவில், கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. இவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தனியார் கையில் போயிருக்கக்கூடிய நிலம் பசுமையாக நிற்பது நல்லதே. ஆனால் இவை விடுமுறை நாளில் பேருந்து ஏறி, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வரும் இடங்கள். ஒரு மாணவி பள்ளி விட்டு வந்து, பையை வைத்துவிட்டு, அம்மா கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆடுவதற்கான இடம் வேறு. அந்த இரண்டாவது வகைக்குத்தான் நகரத்தில் பஞ்சம்.

2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்தவை 42 உள்ளாட்சி அமைப்புகள். பழைய நகரத்தில் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் நாகேஸ்வர ராவ் பூங்காவும் குடியிருப்புகளோடு சேர்ந்து வளர்ந்தவை. புதிதாகச் சேர்ந்த பகுதிகளிலோ வயலும் ஏரிக்கரையும் மனைகளாக மாறிய வேகத்தில் பூங்காவை நினைக்க நேரமில்லாமல் போயிற்று. மத்திய அரசின் நகர்ப்புறத் திட்ட வழிகாட்டு நெறிகள் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. அதற்கு வெகுதொலைவில் நாம் நிற்கிறோம் என்பதை அறிய எந்த ஆய்வும் தேவையில்லை; புதிய வார்டுகளில் ஒரு மாலை நடந்தாலே தெரியும்.

இடமே இல்லை என்ற பதிலை நான் முழுவதுமாக ஏற்க மாட்டேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டுவோர் சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையென்றால், நிலம் தர இயலாதபோது வழிகாட்டி மதிப்பில் பணமாகச் செலுத்தலாம். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்று மனை வாங்கியவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு வார்டிலும் இப்படி வந்த நிலங்கள் எத்தனை, அவற்றில் வேலியிட்டவை எத்தனை, பூங்காவானவை எத்தனை, வாகன நிறுத்தமாகவும் குப்பை மேடாகவும் கிடப்பவை எத்தனை, நிலத்துக்குப் பதிலாக வந்த பணத்தில் எந்த வார்டில் எவ்வளவு இடம் வாங்கப்பட்டது என்ற விவரம் சர்வே எண்ணோடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இது புதுமையான கோரிக்கை அன்று. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் சட்டம் 1959-லேயே, உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் உள்ள பூங்காக்களையும் திடல்களையும் பட்டியலிட வேண்டும் என்று கூறியிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது, பூங்கா நிலம் அதிகாரிகளின் விருப்பத்துக்கு உரியதன்று என்பது நாட்டுக்கே தெளிவாயிற்று. பட்டியல் வெளியே இருந்தால் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களே அதற்குக் காவல்.

பட்டியலும் காவலும் இல்லாத பூங்கா என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஆளுநர் டிரெவெலியன் 1859-ல் முன்னெடுத்த மக்கள் பூங்கா 116 ஏக்கர் பரப்பில், குளங்களும் வண்டிப் பாதைகளுமாக, பின்னர் உயிரியல் பூங்காவும் சேர்ந்து பரந்திருந்தது. அந்த நிலத்தில்தான் மூர் மார்க்கெட் வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையும் அங்கேதான் எழுந்தது. உயிரியல் பூங்கா 1985-ல் வண்டலூருக்குப் போயிற்று. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அன்று ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் நகரத்தின் பூங்காக்களைக் காக்க வேண்டிய மாநகராட்சியின் தலைமையகமே ஒரு பூங்காவின் மீது நிற்கிறது என்பதை அங்கே கூடும் மாமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

நம் காலத்திலும் ஒன்று நடந்தது. செனாய் நகர் திரு.வி.க. பூங்கா, அதன் அடியில் மெட்ரோ நிலையம் அமைப்பதற்காக 2011-ல் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான மரங்கள் போயின. நிலையம் 2017 மே மாதம் ரயிலுக்குத் திறக்கப்பட்டது. பூங்கா மக்களிடம் திரும்பி வர அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடிக்கும் அளவு காலம் அது. அந்தப் பிள்ளைக்கு இழந்த மாலைப்பொழுதுகளை யாரும் திருப்பித் தர முடியாது. மெட்ரோ வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பனகல் பூங்காவின் ஒரு பகுதியும் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிக்காக எடுக்கப்பட்டது. நான் கேட்பது, ஒரு பூங்காவைப் பணிக்காக எடுக்கும்போதே, அதே பகுதியில் நடந்து போகும் தூரத்தில் தற்காலிக மாற்று இடமும், திருப்பித் தரும் நாளும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே.

மக்களிடம் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை 2024 அக்டோபரில் பார்த்தோம். மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் தந்து, ஆட வருவோரிடம் கட்டணம் வாங்கும் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. திரும்பப் பெற்றது நல்ல முடிவு. ஆயினும் அந்தத் திடல்களில் நாள்தோறும் ஆடும் பையன்களை ஒரு மாலை உட்காரவைத்துப் பேசியிருந்தால், அந்தத் தீர்மானம் மன்றத்துக்கே வந்திருக்காது. கேட்பதற்கான மேடை ஏற்கெனவே இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. சாலை, சாக்கடை, குடிநீர் ஆகியவற்றோடு, அந்தப் பகுதியின் பூங்காவும் திடலும் அச்சபையின் நிகழ்ச்சி நிரலில் நிலையான பொருளாக இருக்க வேண்டும்.

சீரமைப்புக்கு நிதி ஒதுக்குவதற்கு முன், நான் செய்ததைப் போல, வாரநாளிலும் வாரக் கடைசியிலும் நான்கு வேளை எண்ணும் பணியை மாநகராட்சி முறைப்படி மேற்கொள்ளலாம். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மகிழ்ச்சியோடு வருவார்கள். எண்ணிக்கை கையில் இருந்தால், வறண்ட நீரூற்றைப் பழுதுபார்ப்பதா, கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்புத் தருவதா என்ற கேள்விக்கு விடை தானே வரும். கோடையில் நண்பகலில் பூட்டாமல் வைத்திருக்க ஒரு காவலாளியின் கூடுதல் வேளைக்கு என்ன செலவாகும் என்பதும், புதிய சுவரோவியத்துக்கு என்ன செலவாகும் என்பதும் அருகருகே வைத்துப் பார்க்கப்படும். தாழ்வான பூங்காக்களில் மழைநீரைத் தேக்கி நிலத்தில் இறக்கும் குளங்களை மாநகராட்சி அமைத்துவருவதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதே பூங்காவில் மரத்தடிக் கற்களையும் பெயர்த்தெடுத்து மண்ணைத் திறந்துவிட்டால் அந்தப் பணி முழுமை பெறும்.

பராமரிப்பைப் பற்றி ஒரு சொல். திறப்பு விழாக் கல்வெட்டுக்கு அடியில், பூங்காவைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர் யார், ஒப்பந்தம் எந்தத் தேதி வரை, தண்ணீர் ஊற்றுவதும் விளக்கு மாற்றுவதும் கழிப்பறை கழுவுவதும் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும். எந்த வேலை யாருடையது என்று தெரிந்தால்தான் வழக்கமாக வருபவர்கள் கேட்க முடியும்.

பெண்களுக்கான இடத்தைப் பற்றியும் உறுதியாகச் சொல்கிறேன். எறிபந்துக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். வளையப்பந்துக்கு அதைவிடச் சிறிய ஆடுகளமே போதும். மாலை ஐந்து முதல் ஏழு வரை அந்த ஆடுகளம் பெண்களுக்கு என்று பலகை வைத்து, அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரோ, என்னைப் போன்று ஓய்வு பெற்றவர்களோ பொறுப்பேற்கச் செய்தால், முதல் வாரத்தில் நான்கு பேர் வருவார்கள், பிறகு அவர்களே தோழியரை அழைத்து வருவார்கள். இதற்கென அழைத்தால் ஊதியம் எதிர்பாராமல் வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னுடன் பணியாற்றிய சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊதல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, திறந்தவெளிகளைப் பற்றிய பகுதியை மட்டுமாவது தாங்கள் வார்டு வாரியாகத் தமிழில் வெளியிட்டு, கருத்துத் தெரிவிக்கும் கடைசி நாளையும் குறிப்பிட்டால், என் போன்ற வாசகர்கள் தங்கள் தெருவின் சர்வே எண்ணைத் தேடிப் பார்த்துக் கருத்துகளை உரிய நேரத்தில் அனுப்ப முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
அயனாவரம், சென்னை.